நாம் ஜெயித்தோம், அவன் ஓடிவிட்டான்: ரசிகப் பேச்சின் இலக்கணம்

1973ஆம் ஆண்டு ஃபுட்பால் பருவத்தில் அமெரிக்காவின் ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமைதோறும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வகுப்புக்கு வரும் மாணவர்களில் எத்தனை பேர் தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ பொறித்த உடுப்பைப் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். சனிக்கிழமை ஆட்டத்தில் பல்கலைக்கழக அணி ஜெயித்திருந்தால் எண்ணிக்கை கூடியது, இல்லாவிட்டால் குறைந்தது. இதைச் செய்த சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய கூட்டாளிகளும் அதோடு விடவில்லை. மாணவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். வாங்கிய மதிப்பெண்ணோடு சம்பந்தமில்லாமல் சிலரிடம் ‘பிரமாதம்’ என்றும் சிலரிடம் ‘மட்டம்’ என்றும் சொன்னார்கள். அப்புறம், ‘அன்றைக்கு ஆட்டம் என்ன ஆச்சு?’ என்று கேட்டார்கள். ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது ‘நாம்’ அதிகம் வந்தது. தோற்ற ஆட்டத்தைச் சொல்லும்போது அந்த ‘நாம்’ கழன்றுகொண்டது. தேர்வில் மட்டம் என்று சொல்லப்பட்டவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் தூக்கலாக இருந்தது. 1976ல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பை ‘பிறர் புகழில் வெயில் காய்தல்’ என்று தமிழில் சொல்லலாம்.

எனக்கு இந்த ஆய்வின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. உளவியல்காரர்கள் வழக்கம்போல ரசிகனின் மனசுக்குள் போய் நின்றுவிடுகிறார்கள். அவனுக்குத் தன்மதிப்பு குறைச்சல், அதை ஊர்ப் புகழால் ஒட்டுப்போடுகிறான் என்பதோடு விஷயம் முடிகிறது. யாருடைய உடம்பு அடிவாங்கி அந்தப் புகழ் வந்தது என்பது கேள்வியாகவே எழுவதில்லை. இரண்டாவது, மொழி பற்றியது. இங்கிலீஷில் ‘வி’ என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. தமிழில் மொழிபெயர்க்கிறவனுக்குத்தான் தலைவலி. ‘நாம் ஜெயித்தோம்’ என்று எழுதுவதா, ‘நாங்கள் ஜெயித்தோம்’ என்று எழுதுவதா? நாம் என்றால் எதிரே நிற்பவனும் உள்ளே. நாங்கள் என்றால் அவன் வெளியே. ‘உளப்பாடு’ என்று நம் இலக்கணக்காரர்கள் இதற்குப் பேர் வைத்து, யாரை உளப்படுத்துகிறோம், யாரை விடுகிறோம் என்று நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். எம்.ஏ. பரீட்சைக்கு இதையெல்லாம் மனப்பாடம் பண்ணியவர்கள் அதோடு மறந்துவிட்டோம். ஆனால் அதிகாரத்தைப் பற்றிப் பேச இதைவிடக் கூர்மையான கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

ரசிகன் ஆட்டக்காரனைப் பார்த்து ‘நாம்’ என்கிறான், அவன் ஓடும்வரை. அவன் வாயைத் திறந்து ஏதாவது கேட்டால், வேறு ஊருக்குப் போனால், தேசிய கீதத்துக்கு முழங்கால் போட்டால், அதே ‘வி’ சத்தமில்லாமல் ‘நாங்கள்’ ஆகிவிடுகிறது. ‘நாங்கள் உனக்கு என்ன குறை வைத்தோம்?’ இங்கிலீஷில் சொல் மாறவில்லை. ஆகவே சொல்கிறவனுக்கே தான் என்ன செய்தோம் என்று தெரிவதில்லை. சியால்டினி ஜெயத்தையும் தோல்வியையும் மட்டும் பார்த்தார். நான் பார்க்க விரும்புவது இந்த மூன்றாவது தருணத்தை.

முதலில் களத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது நம்மூர்க் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டி மாதிரி இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். தொலைக்காட்சி ஒப்பந்தம், சட்டை வியாபாரம், பழைய மாணவர்களின் நன்கொடை என்று பணம் புரள்கிற இடம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் ஆளுநருக்கல்ல, ஃபுட்பால் அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு. ஆடுகிற பையனுக்கு மட்டும் பல பத்தாண்டுகளாகக் கிடைத்தது படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும்தான். பெரும் வருமானம் ஈட்டும் இந்த இரண்டு ஆட்டங்களிலும் முன்வரிசையில் ஆடுகிறவர்களில் பெரும்பகுதி கறுப்பு இளைஞர்கள். மைதானத்தில் உட்கார்ந்து கத்துகிறவர்களிலும் காசோலை எழுதுகிறவர்களிலும் பெரும்பகுதி வெள்ளையர்கள். ரசிகனின் கருத்து இந்த வெளியில்தான் பிறக்கிறது.

‘மாணவ-விளையாட்டு வீரர்’ என்கிற கூட்டுச்சொல் எப்படி வந்தது? 1955ல் கொலராடோ மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் ஃபுட்பால் வீரர் ரே டென்னிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்த தொழிலாளிக்குரிய இழப்பீட்டை அவருடைய மனைவி கேட்டார். 1957ல் மாநில உச்ச நீதிமன்றம் இல்லையென்றது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லையாம். அந்தக் காலத்தில் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் வால்டர் பையர்ஸ். வீரர்களைத் தொழிலாளர் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகத் தாங்களே சமைத்துக் கட்டாயமாக்கிய சொல் அது என்று, ஓய்வுபெற்ற பிறகு 1995ல் எழுதிய தன் நூலில் அவரே சொன்னார். ஒரு கருத்தியல் பிறந்த தேதியை அதைப் பெற்றவரே இப்படி எழுதிக்கொடுப்பது அபூர்வம். இன்னொன்றும் உண்டு. சட்டைகள் எண்ணப்பட்ட அதே 1973ல்தான், நாலு வருஷத்துக்கு உறுதியாக இருந்த உதவித்தொகையை வருஷாவருஷம் புதுப்பிக்கிற ஏற்பாடாக என்.சி.ஏ.ஏ. மாற்றியது. பயிற்சியாளருக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் கிடையாது. மாணவர்கள் ‘நாம்’ என்று சட்டை போட்டுக்கொண்ட பருவத்தில், நிர்வாகம் ஆட்டக்காரனோடு வைத்திருந்த ‘நாம்’ ஓராண்டுக் குத்தகையாகச் சுருங்கியது.

நண்பர்களில் சிலர், இதெல்லாம் வெட்டி அரட்டை, இதைப்போய் ஏன் ஆராய வேண்டும் என்பார்கள். அவர்களுக்குப் பெரிய துணை இருக்கிறது. உம்பர்த்தோ எகோ 1969ல் விளையாட்டு அரட்டை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அரசியல் பேச்சின் எல்லா வெளித்தோற்றங்களும் அதில் இருக்கின்றன, ஆகவே அது அரசியல் பேச்சின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதைக் காலி செய்கிறது என்பது அவர் வாதம். நோம் சோம்ஸ்கி இன்னும் கருணையானவர். வானொலியில் விளையாட்டு பற்றிப் பேச அழைக்கும் சாதாரண மக்களின் அறிவையும், நிபுணர்களை எதிர்த்துப் பேசும் துணிச்சலையும் கேட்டு வியந்து, இந்த மூளை ஏன் வெளியுறவுக் கொள்கைப் பக்கம் திரும்புவதில்லை என்று கேட்டார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே ரசிகப் பேச்சை அரசியலுக்கு மாற்று, அரசியலின் நிழல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் நான் விலகுகிறேன். அந்தப் பேச்சு நேரடியாகவே அரசியல். அது ஆளை வேலைக்கு வைக்கிறது, வேலையைப் பறிக்கிறது, மசோதா கொண்டுவருகிறது, ஒருத்தனின் வாயைக் கட்டுகிறது. 1992ல் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகும் ரசிகனை வெறும் ஏமாளியாகப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் முழுசாகப் போகவில்லை. ‘ஃபேன்’ என்பது வெறியர் என்னும் இங்கிலீஷ்ச் சொல்லின் குறுக்கம் என்கிறார்கள். நம் ‘ரசிகர்’ ரசத்திலிருந்து வந்தவர். இரண்டு சொல்லிலும் உடைமை உணர்வுக்கு இடமில்லை. நடைமுறையிலோ அதுதான் தலையான உணர்வு.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பார்ப்போம். வெள்ளையர் மட்டுமே ஆடிய அணி ஒன்று தேசிய சாம்பியனானது கடைசியாக 1969ல். அது டெக்சாஸ் அணி. ஜூலியஸ் விட்டியர் என்ற கறுப்பு இளைஞர் அந்த அணியில் ஆடத் தொடங்கியது 1970ல். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் பார்வையாளர்கள் முன் நின்று பல்கலைக்கழகப் பாடலைப் பாடுவது அங்கே மரபு. அந்தப் பாடல் 1903ல் முதலில் மேடையேறியது, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் ஒரு கேளிக்கை நிகழ்ச்சியில். 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்டு போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் கொல்லப்பட்டதற்குப் பிறகு, ஜூன் மாதம், டெக்சாஸ் வீரர்கள் சில கோரிக்கைகளை வைத்தார்கள். பாடலை மாற்ற வேண்டும் என்பது அதில் ஒன்று.

பல்கலைக்கழகம் என்ன செய்தது? மைதானத்துக்கு இரண்டு பழைய கறுப்பு வீரர்களின் பெயரைச் சூட்டியது. விட்டியருக்குச் சிலை என்றது. பாடல் இருக்கும் என்றது. சிலையாக நிற்கிற கறுப்பு உடல் வேண்டும், பெயர்ப்பலகையில் கறுப்புப் பெயர் வேண்டும். உயிரோடு நின்று ‘இதை நான் பாடமாட்டேன்’ என்கிற உடல் வேண்டாம்.

அதன் பிறகுதான் ரசிகர்கள் எழுதினார்கள். 2020 ஜூனிலிருந்து அக்டோபர் கடைசிவரை இந்தப் பாடல் பற்றிச் சுமார் 300 பேர் பல்கலைக்கழகத் தலைவருக்கு எழுதியதையும், அதில் எழுபது சதவீதத்துக்கு மேல் பாடலை வைத்திருக்கச் சொன்னதையும் டெக்சாஸ் ட்ரிப்யூன் அந்தக் கடிதங்களைக் கேட்டு வாங்கி 2021 மார்ச்சில் வெளிக்கொண்டுவந்தது. எழுதியவர்களில் பலர் நன்கொடையாளர்கள். பாடவில்லையென்றால் பணம் இல்லை என்பது சாரம். பாடலை மறுத்தால் டெக்சாஸுக்கு வெளியேதான் வேலை தேடவேண்டி வரும் என்று சில பழைய மாணவர்கள் மிரட்டியதாக ஒரு வீரர் பகிரங்கமாகவே சொன்னார். அதே மாதம் பல்கலைக்கழகக் குழுவின் அறிக்கையும் வந்தது. கேளிக்கை நிகழ்ச்சியில் பிறந்ததை ஒப்புக்கொண்டு, பாடலுக்கு இனவாத நோக்கம் இல்லை என்றது.

பாடலை இழந்தால் அந்த ரசிகர்களுக்கு என்ன நஷ்டம் என்று நான் யோசித்துப் பார்த்தேன். இளமைக்காலம், அப்பாவோடு மைதானத்துக்குப் போன சனிக்கிழமைகள், திருமணம், சாவு எல்லாவற்றோடும் அந்த மெட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பொய்யான உணர்வு இல்லை. அதைக் கிண்டல் செய்கிற தைரியம் எனக்கில்லை. ஆனால் அவர்கள் கேட்டது தாங்கள் பாடுகிற உரிமையை அல்ல. அதை யாரும் பறிக்கவில்லை. பதினெட்டு, இருபது வயசுப் பையன்கள் தோற்ற ஆட்டத்துக்குப் பிறகும் வேர்வையோடு வந்து நின்று பாடுவதைப் பார்க்கிற உரிமையைக் கேட்டார்கள். பிறர் உடம்பின் மேல் உரிமை. ‘நம் பாட்டு’ என்ற சொல்லில் இருந்த ‘நம்’ அங்கே தன்னை வெளிக்காட்டியது.

மிசௌரியில் இது சட்டமன்றம்வரை போனது. 2015 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தில் இனவாதச் சம்பவங்களை எதிர்த்துக் கறுப்பு மாணவர் ஒருவர் உண்ணாவிரதம் இருந்தார். நவம்பர் 7 அன்று ஃபுட்பால் அணியின் கறுப்பு வீரர்கள், பல்கலைக்கழகத் தலைவர் டிம் வுல்ஃப் போகிறவரை ஆடமாட்டோம் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் 10 லட்சம் டாலர் அபராதம். நவம்பர் 9 அன்று வுல்ஃப் பதவி விலகினார். மாதக்கணக்கில் மாணவர்கள் கத்தியது நடக்கவில்லை, ஆட்டக்காரர்கள் இரண்டு நாள் கையைக் கட்டியதும் நடந்தது. அடுத்த மாதமே மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மசோதா கொண்டுவந்தார். உடல்நலம் தவிர வேறு காரணத்துக்காக ஆட மறுக்கிற வீரரின் உதவித்தொகையைப் பறிக்க வேண்டுமாம். எதிர்ப்புக்குப் பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் சொல்லப்படாமல் இருந்த விஷயத்தை அது எழுத்தில் கொண்டுவந்துவிட்டது. இது படிப்புதான், வேலையில்லை என்று அறுபது வருஷமாகச் சொன்னவர்கள், வேலைநிறுத்தம் நடந்ததும் கூலியை வெட்டக் கிளம்பினார்கள்.

தொழில்முறை விளையாட்டில் கூலி உண்டு, ஏராளமாகவே உண்டு. ஆகவே அங்கே இந்த வாதம் செல்லாது என்று சொல்லலாம். 2010ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லெப்ரான் ஜேம்ஸ் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன்காரர். பக்கத்து நகரமான கிளீவ்லேண்டின் கூடைப்பந்து அணி 2003ல் அவரைத் தேர்வு முறையில் எடுத்தது. அந்த முறையில் புதிய ஆட்டக்காரருக்கு முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது, முதலாளிகள் வரிசைப்படி ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஏழு வருஷம் ஆடினார். ஒப்பந்தம் முடிந்தது. 2010 ஜூலை 8 அன்று தொலைக்காட்சியில் தோன்றி மயாமிக்குப் போவதாகச் சொன்னார். ஒரு மணி நேர நிகழ்ச்சியாக அதைச் செய்தது ஆபாசம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று இரவே கிளீவ்லேண்டில் அவர் சட்டையைக் கொளுத்தினார்கள். அணியின் உரிமையாளர் டான் கில்பர்ட் ரசிகர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, இது கோழைத்தனமான துரோகம் என்றார். கில்பர்ட்டுக்குச் சுவரில் ஒட்டும் படங்கள் விற்கிற நிறுவனமும் இருந்தது. லெப்ரான் படத்தின் விலையை அது 17.41 டாலராகக் குறைத்தது. 1741, அமெரிக்கச் சரித்திரத்தின் எட்டப்பனான பெனடிக்ட் ஆர்னால்டு பிறந்த வருஷம். ஓடிப்போன அடிமையைப் பற்றி எஜமான் பேசுகிற தோரணை இது என்று ஜெஸ்ஸி ஜாக்சன் சொன்னார். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவனை அடிமை என்பதா என்று பலர் சிரித்தார்கள். ஜாக்சன் பேசியது சம்பளத்தைப் பற்றி அல்ல, பேச்சின் இலக்கணத்தைப் பற்றி. ஒப்பந்தம் முடிந்து வேறு வேலைக்குப் போன ஒருவரைத் ‘துரோகி’ என்று சொல்ல வேண்டுமானால், அவர் ஏற்கெனவே நம் உடைமையாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் கிளீவ்லேண்டுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அநியாயம். 1995 நவம்பரில் பிரவுன்ஸ் என்ற அவர்களுடைய ஃபுட்பால் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோகப் போவதாக அதன் உரிமையாளர் ஆர்ட் மோடல் அறிவித்தார். எஃகு ஆலைகள் மூடி, ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்த நகரம். ஞாயிற்றுக்கிழமை மைதானம்தான் மிச்சமிருந்த பொது இடம். கடைசி ஆட்டத்தில் ரசிகர்கள் நாற்காலிகளைப் பெயர்த்து எறிந்தார்கள். வழக்கு, ஊர்வலம், கடிதங்கள் என்று விடாமல் நின்றார்கள். அணி போனது. ஆனால் பெயரும் நிறமும் பழைய சாதனைப் பதிவுகளும் கிளீவ்லேண்டிலேயே இருக்கும் என்று எழுதி வாங்கினார்கள். 1999ல் புதிய அணி அதே பெயரில் வந்தது. இங்கே ரசிகர்களின் ‘நாங்கள்’ முதலாளிக்கு எதிராகத் திரும்பியது. சொத்துச் சட்டத்தில் எங்குமே இல்லாத ஒரு உரிமையை, ஒரு பெயர் அந்த ஊருக்குச் சொந்தம் என்பதை, அவர்கள் ஸ்தாபித்தார்கள். இதை எகோவின் அரட்டைக் கோட்பாட்டால் விளக்க முடியாது.

1995ன் கோபமும் 2010ன் கோபமும் ஒரே ஊரின் கோபம். இரண்டிலும் ‘துரோகம்’ என்பதே சொல். முன்னதில் கைவிடப்பட்டவர்கள் முதலாளியைப் பார்த்துச் சொன்னார்கள். பின்னதில் முதலாளியே அந்தச் சொல்லைக் கைவிடப்பட்டவர்களின் வாயிலிருந்து எடுத்து, தொழிலாளியின் மேல் எறிந்தார். ரசிகர்கள் கை தட்டினார்கள். ஒரு நியாயமான காயம் யார் கையில் ஆயுதமாகிறது என்பது இயக்கங்களில் வேலை செய்கிற நமக்குப் புதிதல்ல. ‘நாம்’ என்று மேடையில் பேசுகிறவர், கூட்டத்தில் உள்ள ஒரு பெண்ணோ ஒரு தலித் தோழரோ எழுந்து கேள்வி கேட்டதும் ‘நாங்கள்’ என்று மாற்றிப் பேசுவதை நாமும் கேட்டிருக்கிறோம். லெப்ரான் 2014ல் திரும்பி வந்தார், 2016ல் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 1964க்குப் பிறகு அந்த நகரத்துக்குக் கிடைத்த முதல் பெரிய தொழில்முறைப் பட்டம். கொளுத்தியவர்கள் புதுச் சட்டை வாங்கினார்கள்.

2018ல் ஒரு தொலைக்காட்சிப் பேச்சாளர், அரசியல் பேசின அதே லெப்ரானிடம், வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டு என்று சொன்னார். வாய் வேறு, கை வேறு என்று பிரிப்பது இந்தச் சொல்லாடலின் பழைய வித்தை. அமெரிக்கன் ஃபுட்பாலில் க்வார்ட்டர்பேக் என்பவர்தான் களத்தில் மூளை, ஆட்டத்தை நடத்துகிறவர். மையமான இடங்கள் வெள்ளையருக்கும் ஓட்டமும் வேகமும் வேண்டிய ஓர இடங்கள் கறுப்பர்களுக்கும் ஒதுங்குவதை 1970லேயே லாய், மெக்எல்வோக் என்ற சமூகவியலாளர்கள் காட்டினார்கள். வாரன் மூன் 1978ல் தன் கல்லூரி அணியை ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஜெயிக்க வைத்தும், அந்த வருஷத் தேர்வில் எந்தத் தொழில்முறை அணியும் அவரை எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மண்டன் அணியோடு வரிசையாக ஐந்து கோப்பை வாங்கிவிட்டுத்தான் திரும்ப முடிந்தது. நாற்பது வருஷம் கழித்து 2018ல், கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருது வாங்கிய லமார் ஜாக்சனை, பந்தெறிவதை விட்டுப் பந்து பிடிக்கிற இடத்துக்கு மாறச் சொன்னார் ஒரு பழைய நிர்வாகி. 2019ல் லமார் ஒருமனதாகச் சிறந்த வீரரானார். ரசிகப் பேச்சில் இது ‘பிறவித் திறமை’ என்ற பாராட்டாக வரும். ‘அவனுக்கென்ன, உடம்பிலேயே இருக்கு.’ பாராட்டுபோல இருந்தாலும் உழைப்பையும் புத்தியையும் பறிமுதல் செய்கிற வாக்கியம். பெண்கள் ஆட்டத்திலும் இதுவே. 2023 கல்லூரிக் கூடைப்பந்து இறுதியில் ஏஞ்சல் ரீஸ் எதிரணியைப் பார்த்து முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். பண்பில்லாதவள் என்றார்கள். அதே சைகையைச் சில நாள் முன்பு கெய்ட்லின் கிளார்க் செய்தபோது அது போர்க்குணம். ரீஸைத் திட்டாதீர்கள் என்று சொல்ல கிளார்க்கே வரவேண்டியிருந்தது.

பணத்துக்கு வருகிறேன். 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டும் என்ற விதி தளர்ந்தது. 2025 ஜூன் 6 அன்று ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் பாக்கி, இனிமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் வருஷத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம்.

இதற்கு ரசிகர்கள் சொல்கிற பதில் ஒரே சொல்லில் அடங்கும்: விசுவாசம். விசுவாசம் போய்விட்டது, கூலிப்படை ஆகிவிட்டான்கள், எங்கள் காலத்தில் சட்டையின் முன்பக்கப் பெயருக்காக ஆடினார்கள். 2021 நவம்பரில் பிரையன் கெல்லி என்ற பயிற்சியாளர் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தை விட்டு லூயிசியானாவுக்குப் போனார். அவரையும் திட்டினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது நல்ல வாய்ப்பு, யாராக இருந்தாலும் போவான் என்ற சமாதானமும் கூடவே வந்தது. பத்தொன்பது வயசுக்காரனுக்கு அந்தச் சமாதானம் கிடைப்பதில்லை. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், ஜெயிக்காத பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தப்படி மிச்சமிருந்த 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் அவருக்குத் தரவேண்டும். வேலை செய்யாமல் இருப்பதற்கு. அவனை அனுப்பு, என்ன செலவானாலும் சரி என்பது அங்கே ரசிகர்களின் கருத்தாக இருந்தது. ஆக, பிரச்னை பணம் இல்லை.

புதிதாக ஒரு ரசிகன் வேறு வந்திருக்கிறான். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்துக்கு இருந்த மத்தியத் தடையை நீக்கியது. இப்போது அணிமேல் மட்டுமல்ல, ஒரு தனி ஆட்டக்காரன் எத்தனை புள்ளி எடுப்பான் என்பதன் மேலும் பந்தயம் கட்டலாம். தோற்றவன் நேரே அந்தப் பையனுக்கே வசவும் கொலைமிரட்டலும் அனுப்புகிறான். கல்லூரி வீரர்கள்மேல் இப்படிப்பட்ட பந்தயத்தைத் தடைசெய்யுங்கள் என்று 2024ல் என்.சி.ஏ.ஏ. தலைவரே மாநிலங்களிடம் கேட்க வேண்டிவந்தது. இவனிடம் ‘நாம்’ கிடையாது, ‘நாங்கள்’ கூடக் கிடையாது. ‘என் காசு’ மட்டும்தான். பழைய ரசிகனின் போலி ‘நாம்’மில் குறைந்தபட்சம் ஒரு உறவின் பாவனையாவது இருந்தது என்று இவனைப் பார்த்த பிறகு தோன்றுகிறது.

ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு ‘நாங்கள்’ சொல்லிப் பார்த்ததுண்டு. 2014ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் சங்கம் வைக்க மனுச் செய்தார்கள். இவர்கள் தொழிலாளர்கள்தான் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி மார்ச்சில் சொன்னார். படிக்க வந்த பசங்களுக்கு எதுக்குச் சங்கம், நாளைக்கு ஆட்டத்தின் நடுவில் வேலைநிறுத்தம் பண்ணுவானா என்ற பேச்சு உடனே கிளம்பியது. ஏப்ரல் 25 அன்று வீரர்கள் வாக்களித்தார்கள். மேல்முறையீடு இருந்ததால் பெட்டிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2015 ஆகஸ்டில், இதில் தலையிட விரும்பவில்லை என்று வாரியம் ஒதுங்கிக்கொண்டது. அந்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை. 2024 மார்ச் 5 அன்று டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து அணி வாக்களித்தது. அதை எண்ணினார்கள். சங்கம் வேண்டும் என்று 13 பேர், வேண்டாம் என்று 2 பேர். கல்லூரி பேச்சுவார்த்தைக்கு உட்கார மறுத்தது. ஆண்டின் கடைசி நாளில் மனு திரும்பப் பெறப்பட்டது.